திருகோணமலையில் அறப்பணிக்கான இரவுச் சைக்கிள் ஓட்டம்: முதல் கடிதத்திலிருந்து கணக்கு முடிப்பு வரை

டச்சு வளைகுடாக் கடற்கரையிலிருந்து நிலாவெளி வரை போய்த் திரும்பினால் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பகலில் அந்தத் தூரத்தை உயர்தர வகுப்பு மாணவர்கள் இரண்டு மணித்தியாலத்தில் சிரித்துப் பேசிக்கொண்டே ஓடி முடித்துவிடுவார்கள். அதே தூரத்தை அறுபது பேர் இருட்டில், ஒருவரையும் வழியில் தவறவிடாமல் ஓடி முடிப்பதென்றால் மூன்று மாத ஆயத்தம் தேவை. இந்த ஆயத்தத்தின் பெரும்பகுதி சைக்கிளோடு தொடர்பில்லாதது: கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள், தேநீர்க் கேத்தல், ஆட்களை எண்ணுதல். ஆகக் கடைசியாக வரப்போகிறவரை மனத்தில் நிறுத்தியே எல்லா முடிவுகளையும் எடுக்க வேண்டும் என்பது எங்கள் அனுபவம். பாதை, நேரம், வேகம், சாப்பாடு ஆகிய நான்கும் அவருக்குப் பொருந்தினால் மற்ற எல்லோருக்கும் பொருந்தும்.

எதற்காகச் சேர்க்கிறோம் என்பதை முதலில் எழுதுங்கள்

ஏற்பாட்டுக் குழுவின் முதற்கூட்டத்தில் பாதையைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். யாருக்கு, என்ன, எவ்வளவு என்பதை ஒரே தாளில் எழுதி எல்லோரும் கையொப்பமிட வேண்டும். "வறிய மாணவர்களுக்கு உதவி" என்று பொதுவாக எழுதினால் பணம் கொடுப்பவருக்கு எதுவும் விளங்காது. கொடுத்து முடிந்த பின்னர் குழுவுக்குள்ளேயே சண்டை வரும். "மூன்று கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து நடந்து பாடசாலைக்கு வரும் பன்னிரண்டு மாணவருக்குச் சைக்கிள், ஒவ்வொன்றுடனும் காற்றடிக்கும் பம்பு, பூட்டு, விளக்கு" என்று எழுதினால் நோக்கமும் தெளிவு, பின்னர் சரிபார்ப்பதும் எளிது. சைக்கிளோடி, சைக்கிள் இல்லாத பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுப்பது வெருகல், மூதூர்ப் பக்கத்துக் கிராமங்களை அறிந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாத காரியம். மாணவரைத் தெரிவு செய்யும் பொறுப்பைக் குழு எடுத்துக்கொள்ளாமல், அளவுகோலை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பாடசாலை அதிபரிடமும் வகுப்பாசிரியர்களிடமும் விட்டுவிடுவது நல்லது. பெண் பிள்ளைகளின் பெயர்கள் பட்டியலில் குறைந்திருந்தால் மட்டும் ஏனென்று கேளுங்கள்.

பணத்துக்கென ஒரு வங்கிக் கணக்கை, ஏற்கெனவே பதிவு பெற்ற சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம் அல்லது பழைய மாணவர் சங்கம் ஒன்றின் பெயரில், இருவர் கையொப்பத்துடன் வைத்துக்கொள்ள வேண்டும். தனிநபர் கணக்குக்குப் பணம் வருவது, அந்தத் தனிநபர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவருக்கே கெடுதல். சன்மார்க்கமான ஒரு மனிதர் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் தேநீர்க்கடையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

பணம் திரட்டும் முறைகளில் எளிமையானது கிலோமீற்றர் வாக்குறுதி. ஓட்டத்தில் பங்குபற்றும் ஒருவர் தமது உறவினர், அயலவர், வெளிநாட்டிலிருக்கும் மாமா, சித்தி என்று பத்துப் பேரிடம் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று எழுதி வாங்குகிறார். ஒருவர் கிலோமீற்றருக்கு 20 ரூபா தருவதாகச் சொன்னால் 30 கிலோமீற்றருக்கு 600 ரூபா. பத்துப் பேர் என்றால் 6,000. அறுபது பேர் ஓடினால் 3,60,000 ரூபா. வாக்குறுதிகளில் ஒரு பகுதி கைக்கு வராது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். ஓட்டத்தின் செலவுகளை (உணவு, வாகன எரிபொருள், பிரதிபலிப்பு அங்கி) இந்தப் பணத்திலிருந்து எடுக்கக்கூடாது. அவற்றை முன்கூட்டியே ஊர்க் கடைக்காரர்களிடமோ குழு உறுப்பினர்களிடமோ தனியாகக் கேட்டு, தனிப் பக்கத்தில் எழுதுங்கள். "நீங்கள் தந்த 600 ரூபாவும் சைக்கிளாகவே போய்ச் சேர்ந்தது" என்று சொல்ல முடிந்தால் அடுத்த ஆண்டு கேட்காமலே தருவார்கள்.

நாளும் நேரமும்

இந்தப் பகுதிக்கு அதிக நேரம் செலவிடுங்கள். பிழையான நாளில் எவ்வளவு நன்றாக ஏற்பாடு செய்தாலும் பயனில்லை.

ஐப்பசி நடுப்பகுதி தொடங்கித் தை வரை வாடைக்காற்றும் மழையும் திருகோணமலையை விடுவதில்லை; அந்த மாதங்களை முழுதாக ஒதுக்கிவிடலாம். சித்திரையில் பிற்பகலில் இடி மின்னலோடு மழை வரும். அது பெரும்பாலும் விடிவதற்குள் ஓய்ந்துவிடும், எனினும் வீதியோரம் ஈரமாக இருக்கும். வைகாசி முதல் ஆவணி வரை, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் காலம். (கடலையைக் கச்சான் என்று சொல்லும் பிள்ளைகளுக்குக் காற்றுக்கும் அதே பெயர் என்பதைச் சொல்லிக் கொடுங்கள், ஓட்டத்தில் இரண்டும் சந்திக்கும்.) பகலில் கச்சான் உடலை உலர்த்திக் களைப்பாக்கும் என்றாலும் நள்ளிரவுக்குப் பின்னர் அது அடங்கும். ஆகையால் இரவு ஓட்டத்துக்கு ஆனி, ஆடி மாதங்களே எனக்கு உகந்தவையாகத் தெரிகின்றன.

பூரணைக்கு அண்மித்த நாளைத் தெரிவது உலகெங்கும் இரவு ஓட்டக்காரரின் வழக்கம். இங்கிலாந்தில் இலண்டனிலிருந்து டன்விச் என்ற கடற்கரைக் கிராமம் வரை ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தூரத்துக்கு, 1990களின் தொடக்கம் முதல், ஜூலை மாதப் பூரணைக்கு அண்மித்த சனிக்கிழமை இரவில் பெருந்திரளானோர் ஓடிப் போகிறார்கள். இலங்கையில் பூரணைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. போயா தினத்தில் மதுபான விற்பனைக்குத் தடை இருப்பதால், அன்றிரவும் மறுநாள் விடிகாலையும் வீதியில் வெறியோடு வாகனம் ஓட்டுவோர் மற்ற நாட்களைவிடக் குறைவு. நிலவொளியைவிட இந்த நன்மையையே நான் பெரிதாக மதிக்கிறேன். போயா வெள்ளி அல்லது சனிக்கிழமையில் வரும் மாதமாகப் பார்த்து, போயா முடிந்து விடிகின்ற காலையைத் தெரிந்தெடுங்கள். பௌத்தப் பெருநாட்களான வெசாக்கும் பொசனும் மட்டும் விலக்கு. தன்சல் (இலவச உணவுப் பந்தல்) பார்க்கவும் வெளிச்சக்கூடு பார்க்கவும் சனம் நள்ளிரவு கடந்தும் வீதியில் நிற்கும்.

ரமழான் மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்வதால், நாளைக் குறிக்குமுன் அந்த ஆண்டின் நாட்காட்டியைப் பாருங்கள். நிலாவெளி, இறக்கக்கண்டிப் பகுதிகளில் அம்மாதத்து இரவுகள் தொழுகைக்கும் ஸஹர் (நோன்பு தொடங்குமுன் விடியற்காலையில் உண்ணும்) உணவுக்கும் உரியவை. பங்குனியில் கோணேச்சரத்திலும் பத்திரகாளி அம்பாள் ஆலயத்திலும் திருவிழாக்கள் நடக்கும் நாட்களையும் அவ்வாறே தவிர்க்க வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, மாலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடிப்பதே முதலில் எல்லோருக்கும் தோன்றும். அது அவ்வளவு நல்லதல்ல. உப்புவெளி, அலஸ்தோட்டம் பகுதிகளில் ஆனி முதல் ஆவணி வரை உல்லாசப் பயணிகளின் பருவம். முச்சக்கரவண்டிகளும் வாடகை மோட்டார் சைக்கிள்களும் இரவு பதினொரு மணி வரை ஓயமாட்டா. விடிகாலை மூன்று மணிக்குப் புறப்படுவதே சிறந்தது. மணித்தியாலத்துக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஐந்து குழுக்களாகப் புறப்படுவோரில் முதற்குழு நாலேகாலுக்கு நிலாவெளியை அடையும், கடைசிக் குழு நாலரைக்குச் சற்று முன்னதாக வரும். அங்கே முக்கால் மணித்தியாலம் தங்கினால் தேநீரும் குடிக்கலாம், சுபஹ் (விடிகாலைத் தொழுகை) தொழ விரும்புவோர் பள்ளிவாசலுக்குப் போய்வரவும் நேரம் இருக்கும். ஐந்து மணியளவில் திரும்பத் தொடங்கினால், களைத்த கால்களோடு ஓடும் இரண்டாம் பாதியில் வெளிச்சம் மெல்ல மெல்ல வரும். போகும்போது மேற்கே இறங்கும் நிலவு இடக்கைப் பக்கம். வரும்போது கடலில் எழும் சூரியனும் இடக்கைப் பக்கம். கண்ணுக்கு நேரே எதுவும் அடிக்காது. இந்த ஒழுங்கு தற்செயலாக அமைந்ததுதான், ஆனால் ஒருமுறை கண்ட பிறகு மாற்ற மனம் வரவில்லை.

பாதை

திருகோணமலையிலிருந்து வெளியே போகும் பெருவீதிகள் எல்லாவற்றையும் ஆலோசித்த பின்னரே புல்மோட்டை வீதியைப் பரிந்துரைக்கிறேன். கண்டி வீதி கந்தளாய்ப் பக்கமும் அநுராதபுர வீதி பன்குளம், முதலிக்குளம் பக்கமும் காட்டு யானைகள் நடமாடும் இடங்களை ஊடறுக்கின்றன; இருட்டில் சைக்கிளோடு அங்கே போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கன்னியா வெந்நீரூற்று ஆசையைத் தூண்டும் இடம்தான், ஏழு கிணறுகளில் கடைசியாக முகம் கழுவலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆயினும் அதைப் பகல் ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு வீதியில் கிண்ணியாப் பாலம் வரை போவது இரண்டாவது தெரிவாக இருக்கலாம். 2009இல் திறக்கப்பட்ட அப்பாலம் 396 மீற்றர் நீளமானது. நிலவில் அதன்மேல் நின்று பார்ப்பதற்கே ஓடலாம், ஆனால் சீனக்குடாப் பக்கம் கனரக வாகனங்கள் இரவிலும் ஓடும்.

புல்மோட்டை வீதியில் நகரத்தைத் தாண்டினால் உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, கோபாலபுரம், நிலாவெளி என்று ஊர்கள் விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும். பழையவர்கள் இந்தத் தூரங்களை இன்றும் கட்டைக் (மைல்) கணக்கில்தான் சொல்வார்கள். தொண்டருக்கு இடம் சொல்லும்போது "ஆறாம் கட்டைக்குக் கிட்ட" என்றால் கைத்தொலைபேசி வரைபடத்தைவிட வேகமாக வந்து சேர்வார். மேடு பள்ளம் அதிகம் இல்லை. உப்புவெளியில் இரண்டாம் உலகப் போர்க்கால வீரர்களின் மயானம் வீதியோரமாக வருகிறது; அதனருகே ஒரு நிமிடம் மணியடிக்காமல் போகும்படி, குழுக்களின் முன்னே ஓடும் முன்னோட்டிகளுக்குச் சொல்வது எங்கள் பழக்கம். பழகிய குழு என்றால் இறக்கக்கண்டிப் பாலம் வரை நீட்டலாம். அதற்கப்பால் கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று போகப் போக வீடுகள் குறைந்து இருள் அடர்வதால் முதல் ஆண்டில் நிலாவெளியோடு நிறுத்துவதே புத்தி.

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் கோணேச்சரம் வரை இரவில் குழுவாக ஏறுவதைப் பாதையில் சேர்க்க வேண்டாம். கும்பிட்டுவிட்டுத் தொடங்க விரும்புவோர் முதல்நாள் மாலையில் போய்வரட்டும். புறப்படும் இடமாகக் கடற்கரையோர மைதானப் பகுதி வசதியானது; வாகனம் நிறுத்த இடமும் தெருவிளக்கும் உண்டு. அங்கே மான்களும் உண்டு. கோட்டையடியிலிருந்து வந்து கடற்கரையிலும் மைதானத்தைச் சுற்றியும் படுத்திருக்கும் அவை, அறுபது விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால் மிரண்டு குறுக்கே பாயும். விளக்குகளைப் புறப்படும் வரிசையில் நின்ற பிறகு, குழுகுழுவாக எரிய விடுங்கள்.

பாதையை இரண்டு முறை ஓடிப் பார்க்க வேண்டும். முதல் தடவை பகலில், குறிப்புப் புத்தகத்தோடு: பள்ளம், வேகத்தடை, பாலத்து இணைப்பு, காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டும் வளைவு, எல்லாவற்றையும் தூரத்தோடு எழுதுங்கள். இரண்டாம் தடவை ஓட்டத்துக்குக் குறித்த அதே மணிக்கு, நான்கு பேராக. பகலில் கண்ணில் படாதவை அப்போதுதான் தெரியும். தார் வீதி இரவில் சூடாறாமல் இருப்பதால் மாடுகள் நடுவீதியில் வந்து படுக்கும். கறுத்த மாட்டைப் பத்து அடி தூரத்தில்தான் காண்பீர்கள். மீன் இறக்கும் இடங்களில் நாய்கள் கூட்டமாகத் துரத்தும். பின்விளக்கில்லாத லாண்ட்மாஸ்டர்கள் (இருசில்லு உழவு இயந்திரங்கள்) விறகோ வைக்கோலோ ஏற்றிக்கொண்டு நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும். விடியப்புறம் மீன் லொறிகள் நேரத்துக்குச் சந்தைக்குப் போகும் அவசரத்தில் வரும்.

அனுமதிகள்

ஆறு வாரத்துக்கு முன்னதாகக் கடிதங்களைக் கொடுங்கள். நகரப் பொலிஸ் நிலையம் மட்டும் போதாது. பாதை உப்புவெளி, நிலாவெளிப் பொலிஸ் நிலையங்களின் எல்லைகளையும் கடப்பதால் ஒவ்வொன்றின் பொறுப்பதிகாரிக்கும் தனித்தனிக் கடிதம் வேண்டும். கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். இரவுக் கடமையில் வீதியில் நிற்கும் உத்தியோகத்தர் எந்த மொழியை வாசிப்பவர் என்பது முன்கூட்டியே தெரியாது. முத்திரையிட்ட பிரதியை ஒவ்வொரு குழுத் தலைவரும் சட்டைப்பையில் வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடியும். கடிதத்தில் நாள், புறப்படும் நேரம், பாதை, எண்ணிக்கை, பொறுப்பானவரின் தொலைபேசி இலக்கம், பணம் போகும் நோக்கம் ஆகியவை இருக்க வேண்டும். பிரதிகளைப் பிரதேச செயலகத்துக்கும் உள்ளூராட்சி மன்றத்துக்கும் அனுப்புங்கள். தேநீர் கொடுக்கும் இடத்துக் கிராம உத்தியோகத்தரையும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகத்தினரையும் நேரில் போய்க் காண வேண்டும். அந்தச் சந்திப்புக்குக் கடிதம் ஈடாகாது.

ஒலிபெருக்கி வேண்டாம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை அதைப் பாவிப்பதை உயர் நீதிமன்றம் 2007இல் கட்டுப்படுத்தியிருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, விடிகாலை மூன்று மணிக்கு ஊரை எழுப்பிவிட்டு அதே ஊரில் நிதி கேட்க முடியாது.

ஆட்களைச் சேர்த்தல்

முதல் ஆண்டில் அறுபது பேருக்கு மேல் எடுக்காதீர்கள். பன்னிரண்டு பேர் கொண்ட ஐந்து குழுக்கள். மூன்று நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றும் புறப்படும். பதிவுப் படிவத்தில் பெயர், வயது, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர், நீரிழிவு, ஆஸ்துமா, இதய நோய் போன்றவை, கடைசியாக 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடியது எப்போது, ஓட்டம் முடிந்ததும் வீட்டுக்கு எப்படிப் போவார் என்பவை இடம்பெற வேண்டும். பதினாறு வயதுக்குக் குறைந்தோரைத் தவிர்த்து, பதினெட்டுக்குக் குறைந்தோருக்குப் பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதத்தைக் கட்டாயமாக்குங்கள். நாளுக்குரிய விபத்துக் காப்புறுதியைப் பற்றி ஒரு காப்புறுதி நிறுவனத்தில் விசாரிப்பதும் நல்லது.

பெண்கள் பங்குபற்ற வேண்டும் என்று வாயால் சொன்னால் வரமாட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு மகளைத் தனியாக வீட்டு வாசலிலிருந்து அனுப்பத் தாய்மார் தயங்குவது நியாயம்தான். ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது மூன்று பெண்கள் சேர்ந்தே இருப்பார்கள் என்றும், இரண்டு குழுக்களுக்குப் பெண்களே தலைமை தாங்குவார்கள் என்றும், வீட்டிலிருந்து ஏற்றிவந்து வீட்டிலேயே இறக்கிவிட வான் இருக்கிறது என்றும் படிவத்திலேயே அச்சிடுங்கள். தேநீர் நிறுத்தத்தில் கழிப்பறை இருக்கும் வீடொன்றை அல்லது பொதுமண்டபத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நாங்கள் இதைச் செய்தபோது ஒரு தாய் தாமும் பதிவு செய்துகொண்டு வந்தார். மகளைவிட நன்றாக ஓடினார்.

தொண்டர்களின் எண்ணிக்கையை எல்லோரும் குறைத்தே மதிப்பிடுவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முன்னோட்டி, ஆகப் பின்னால் வரும் ஒரு கடையோட்டி என்று பத்துப் பேர்; சந்திகளில் எட்டுப் பேர்; தேநீர் நிறுத்தத்தில் ஆறு பேர்; மோட்டார் சைக்கிளில் இருவர்; திருத்துநர் ஒருவர்; பட்டா எனப்படும் சிறு லொறிக்கும் வானுக்கும் சாரதிகள்; புறப்படும் இடத்தில் பெயர் குறிக்க இருவர். முப்பது பேருக்கு மேல் ஆகிவிட்டது. இவர்களில் கடையோட்டியே முக்கியமானவர். வேகமாக ஓடத் தெரிந்தவர், ஆனால் மெதுவாக ஓடப் பொறுமை உள்ளவர், ரியூப் ஒட்டத் தெரிந்தவர், களைத்தவரோடு பேச்சுக் கொடுக்கத் தெரிந்தவர் என்று பார்த்துத் தெரிய வேண்டும். அவருக்கு முன்னால் ஒருவரும் இல்லாமல் அவர் மட்டும் வந்து சேர்ந்தால் ஏதோ பிழை என்று பொருள்.

சைக்கிளும் விளக்கும்

ஓட்டத்துக்கு முந்திய வார இறுதியில் எல்லோரும் சைக்கிளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பந்தயச் சைக்கிள் யாரிடமும் இருக்க வேண்டியதில்லை. கரியர் பூட்டிய சாதாரண லுமாலாச் சைக்கிளே இந்த வீதிக்குப் போதும். திருத்துநர் பார்க்க வேண்டியவை: இரண்டு பிரேக்கும் தனித்தனியே பிடிக்கின்றனவா, ரயரின் பக்கச் சுவரில் வெடிப்பு உண்டா, செயின் தளர்ந்திருக்கிறதா, கைபிடி ஆடுகிறதா, சில்லுக் கம்பி உடைந்திருக்கிறதா. குறை கண்டவற்றுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். அன்றிரவு திருத்தலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. திருத்துநர் வீதியில் வேலை செய்யப் பிறக்கவில்லை.

முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, இரண்டும் இல்லாதவர் புறப்படக்கூடாது. அது சட்டமும் ஆகும். டைனமோ விளக்கு ஓடும்போது நன்றாக எரிந்தாலும் நின்றவுடன் அணைந்துவிடும். சந்தியில் நிற்கும் அரை நிமிடத்தில்தான் பின்னால் வரும் லொறிக்கு நீங்கள் தெரிய வேண்டும். ஆதலால் டைனமோக்காரருக்கும் பற்றரியில் எரியும் பின்விளக்கொன்று கட்டாயம். மின்னி மின்னி எரியும் பின்விளக்கு, தனியாக ஓடுபவருக்கு நல்லது. பன்னிரண்டு பேர் வரிசையில் அது பின்னால் வருபவரின் கண்ணைக் கெடுத்து, தூரத்தை மட்டுக்கட்ட முடியாமல் செய்யும். குழுவுக்குள் எல்லோரும் நிலையாக எரியவிட்டு, கடையோட்டி மட்டும் மின்ன விடட்டும். முன்விளக்கை ஏழெட்டு மீற்றர் முன்னால் வீதியில் படும்படி சாய்த்துப் பூட்டுங்கள். பிரதிபலிப்பு நாடாவைச் சேற்றுக்காப்பிலும், அதைவிட முக்கியமாகப் பெடலிலும் ஒட்டுங்கள். மேலும் கீழும் அசையும் ஒளியை எந்தச் சாரதியும் சைக்கிள் என்று உடனே அறிவார். நிலவு இருக்கிறதே என்று எண்ணி எவரும் விளக்கை அணைக்க வேண்டாம். நிலவு நீங்கள் பார்ப்பதற்கு உதவும். உங்களைப் பிறர் பார்ப்பதற்கு உதவாது.

தலைக்கவசம் கட்டாயம். சாரம், நீண்ட சால்வை, அகன்ற காற்சட்டை ஆகியவை செயினில் மாட்டும். காற்சட்டைக் காலை இறப்பர் வளையத்தால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஓடும் ஒழுங்கு

முதல்நாள் மாலை அரை மணித்தியாலப் பயிற்சி வைத்து, குரல்களைப் பழக்க வேண்டும். இருட்டில் கைச்சைகை தெரியாது. முன்னோட்டி "மாடு!" "மணல்!" "பள்ளம்!" என்று கத்தினால் ஒவ்வொருவரும் அதைத் திரும்பச் சொல்லிப் பின்னுக்கு அனுப்ப வேண்டும், கடையோட்டி "வாகனம் வருது!" என்றால் அதே வழியில் முன்னுக்குப் போக வேண்டும். வீதியின் இடப்புறம் ஒற்றை வரிசை, இருவருக்கிடையே இரண்டு சைக்கிள் நீள இடைவெளி, முன்னோட்டியை ஒருவரும் முந்தக்கூடாது. திடீரென்று பிரேக் பிடிக்கக்கூடாது. பழுதுபட்டவர் வீதியைவிட்டு முழுதாக இறங்கி நிற்க வேண்டும். அவரோடு கடையோட்டி நிற்பார், மற்றவர்கள் அடுத்த சந்தித் தொண்டர் வரை போய்க் காத்திருப்பார்கள். பத்து நிமிடத்தில் திருத்த முடியாவிட்டால் சைக்கிளும் ஆளும் பட்டாவில் ஏற வேண்டும். பட்டாவில் ஏறுவது வெட்கமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முழங்கால் நோவோடு ஓடி முடிப்பவர் எல்லோரையும் தாமதப்படுத்துவார்.

ஆட்களை எண்ணுவதைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். எங்கள் முதல் ஓட்டத்தில் திரும்பும் வழியில் உப்புவெளியில் ஒருவர் காணாமற் போனார். நாற்பது நிமிடம் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் வானும் வீதியோரத்து வடிகான்களில் வெளிச்சம் அடித்துத் தேடின. அவருடைய வீடு அங்கேதான். களைப்பாக இருக்கிறதென்று ஒருவரிடமும் சொல்லாமல் ஒழுங்கைக்குள் திரும்பி, குளித்துவிட்டுப் படுத்துவிட்டார். அதன் பின்னர் ஒவ்வொருவருக்கும் இலக்கத் தகடு கொடுத்து, புறப்படும்போது, நிலாவெளிக்கு வரும்போது, அங்கிருந்து கிளம்பும்போது, முடிவில் என்று நான்கு முறை குறிக்கிறோம். தகட்டைத் திருப்பிக் கொடுத்தவருக்கே காலை உணவு. இடையில் விலகுபவர் கடையோட்டியின் கையில் தகட்டைக் கொடுக்க வேண்டும்.

உணவு, நீர், முதலுதவி

முந்திய இரவில் கொத்து ரொட்டியைத் தவிர்க்கச் சொல்லுங்கள். எட்டு மணிக்குச் சோறு, பிறகு உறக்கம். ஒவ்வொருவரும் ஒரு லீற்றர் நீரோடு வர வேண்டும். நிலாவெளியில் இஞ்சி போட்ட பிளேன்டீ, வாழைப்பழம், அவித்த கடலை, வறுத்த கச்சான். வேர்த்துக் களைத்தவர்களுக்கு ஜீவனி (உப்புச் சத்து மீட்கும் தூள்) கரைத்த நீர் ஒரு வாளியில் இருக்கட்டும். முடிவில் இடியப்பமும் சம்பலும் பருப்பும் வைத்தால், மரக்கறி உண்போர், ஹலால் உண்போர் என்று இரண்டு மேசை போட வேண்டியதில்லை. எவர்சில்வர் குவளைகளையே பாவியுங்கள். பொலித்தீன் தின்று இந்நகரத்து மான்கள் இறந்த செய்திகளை எல்லோரும் வாசித்திருக்கிறோம்; கடற்கரையில் ஒரு உணவுப்பொதித் தாளும் மிஞ்சக்கூடாது.

முதலுதவிக்குப் பயிற்சி பெற்ற இருவரை, ஒருவர் முதற்குழுவோடும் மற்றவர் வானிலுமாக, வைத்திருங்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையிடம் கேட்டுப் பார்க்கலாம். 1990 இலவச அம்புலன்ஸ் இலக்கமும் 119 பொலிஸ் இலக்கமும் இலக்கத் தகட்டின் பின்புறம் அச்சிடப்பட வேண்டும். பெரும்பாலும் வருவது உள்ளங்கைச் சிராய்ப்பும் கெண்டைக்கால் பிடிப்பும்தான். தலையில் அடிபட்டவர் "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் மீண்டும் சைக்கிளில் ஏற விடாமல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

மழைக்கும் இடிக்கும் ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் எதிர்வுகூறலைப் பார்த்து முதல்நாள் இரவு ஒன்பது மணிக்கு அவர் வட்ஸ்அப் குழுவில் முடிவை அறிவிப்பார். அதன்மேல் விவாதம் இல்லை.

ஓட்டத்துக்குப் பின்

வாக்குறுதிப் பணத்தை இரண்டு வாரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். மூன்றாம் வாரத்தில் எவருக்கும் ஞாபகம் இராது. இலக்கமிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் வாங்க வேண்டாம். சைக்கிள்களுக்கு மூன்று கடைகளில் எழுத்து மூலம் விலை கேட்டு, மூன்று தாள்களையும் கோப்பில் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் வரவு, செலவு, எஞ்சியது என்று ஒரே பக்கக் கணக்கை எழுதி, சனசமூக நிலைய அறிவித்தற் பலகையில் ஒட்டி, வாக்குறுதி தந்தவர்களுக்கும் அனுப்புங்கள். வாக்களித்துவிட்டுத் தராதவர்களின் பெயரை எழுத வேண்டாம். மொத்தத் தொகை மட்டும் போதும்.

சைக்கிள்களைக் கையளிக்கும்போது மேடை, மாலை, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுத்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. குழுவில் பலர் இதற்கு உடன்படவில்லை. நன்கொடையாளர் படம் கேட்பார்கள் என்றார்கள். நாங்கள் சைக்கிள்களை மட்டும் பாடசாலைச் சுவரில் சாய்த்து வைத்துப் படமெடுத்து அனுப்பினோம். ஒருவரும் குறை சொல்லவில்லை.

பொலிஸ் நிலையங்களுக்கும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களுக்கும், கழிப்பறையைத் திறந்து தந்த வீட்டாருக்கும் நன்றிக் கடிதங்களை அந்த வாரமே கொண்டுபோய்க் கொடுங்கள். இரவல் வாங்கிய பிரதிபலிப்பு அங்கிகளைத் துவைத்து எண்ணித் திருப்புங்கள். குழுவுக்குச் சொந்தமான விளக்குகளிலிருந்து பற்றரிகளைக் கழற்றி வேறாக வையுங்கள். கடற்காற்றில் ஒரு வாடைக்காலம் உள்ளேயே கிடந்தால் கம்பிச்சுருள் பச்சை பிடித்து, அடுத்த ஆனியில் பாதி விளக்கு எரியாது.